யாரும் ‘வா’ சொல்லாத ஊர்

அந்த மலையூரின் கடைத்தெரு முழுக்க ஒருவர்கூட “வாங்க” என்று சொல்லவில்லை. பேக்கரிக்காரர், “உள்ள உக்காருங்க” என்றார். கம்பளிக் கடைக்காரம்மா கையை மட்டும் ஆட்டினாள்.

“நாம மலையேறினா மரியாதையும் மலையேறிடுச்சு போல” என்று கடித்தான் சோடாபுட்டி. கூடச் சுற்றிப்பார்க்க வந்திருந்த நர்ஸோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவன். நர்ஸும் சிரித்தாள்.

அவளுடைய தங்கை தெருநாய் ஒன்றைப் பார்த்து, “வா, வா” என்றாள். கம்பளிக் கடைக்காரம்மா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

“அப்படிக் கூப்பிடாதம்மா. நாய்க்கு மட்டுமா கேக்கும்?”

நர்ஸுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடித் தங்கையை அழைத்து வந்திருந்தாள். ‘அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்’ என்று சொல்லித்தான் அம்மா அனுப்பியிருந்தாள்.

சாயங்காலம் அவர்கள் காரை நிறுத்திவிட்டுக் காட்சிமுனைக்கு ஏறியபோது பள்ளத்தாக்கை மூடுபனி நிரப்பியிருந்தது. துருப்பிடித்த கம்பித் தடுப்பின் ஈர வாடையும் அழுகிய இலைகளின் வாடையும் மூக்கில் ஏற, கீழே எங்கோ ஓடும் தண்ணீரின் சத்தம் கேட்பதும் திடீரென்று நின்றுபோவதுமாக இருந்தது. அவர்களைத் தவிர அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

“சும்மா பூச்சாண்டி காட்டுறாங்க. இருங்க, கூப்பிட்டே பாத்துடலாம்” என்றான் சோடாபுட்டி.

“வேண்டாம்டா. வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு” என்றாள் நர்ஸ்.

அவன் தடுப்பின் மேல் சாய்ந்து கத்தினான். “வா...!”

எதிரொலி இல்லை. தண்ணீரும் நின்றது.

பிறகு, கீழேயிருந்து, அவனுடைய குரலிலேயே பதில் வந்தது.

“வரேன்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. கீழே செங்குத்தான பாறை. மனிதர் நிற்க இடமே கிடையாது.

“வரேன்... வரேன்...” இப்போது பக்கத்தில். பாறையில் நகம் உரசும் சத்தம்.

“ஓடுங்க!” சோடாபுட்டி காரை நோக்கிப் பாய்ந்தான். நர்ஸும் ஓடினாள். பாதி வழியில்தான் கவனித்தாள். கூட ஓடிவரும் தங்கையின் காலடிச் சத்தம் இல்லை.

திரும்பினாள். பனி. வெறும் பனி. தங்கை பிறந்ததிலிருந்து அவளைக் கூப்பிட்டுப் பழகிய வாய்.

“வாடி!”

சொன்ன பிறகுதான் உறைத்தது.

“வரேன்க்கா.” தங்கையின் குரல். ஈரமான கை ஒன்று அவள் கைக்குள் வந்து பொருந்தியது. போன உயிர் திரும்பி வந்தது. இழுத்துக்கொண்டு ஓடினாள். கார் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. பிள்ளை எப்படிப் பயந்துபோயிருக்கும் என்று நினைத்தபடியே, வேலைப் பழக்கத்தில், அவள் விரல்கள் அந்த மணிக்கட்டில் நாடியைத் தேடின.

இல்லை.

விரலை நகர்த்தினாள். அங்கேயும் இல்லை.

பின்னால், தடுப்புப் பக்கமிருந்து, அழுகை.

“அக்கா... என்னை விட்டுட்டு யாரைக்கா கூட்டிட்டுப் போற?”

கையை உதறினாள்.

அந்தக் கை விடவில்லை.