டயர் ஒட்டுச் செருப்பு

சகாரா பாலைவனத்து ஜானெத் ஊரிலிருந்து தசீலி மேட்டுக்கு ஏறி முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அடுத்த வாரம் பயணிகள் வருகிறார்கள். பாறைச் சுனையில் தண்ணீர் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வழிகாட்டி கூமாவுக்கு அந்தக் கல்தூண் காட்டில் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. ஆனாலும் போன கோடையிலிருந்து மைத்துனன் பெக்கா துணையில்லாமல் அவன் உள்ளே நுழைவதில்லை. அங்கேதான் தம்பி உக்செம்மோடு சண்டை போட்டுக்கொண்டு, இருந்த ஒரே தண்ணீர்த் தோல்பையைத் தோளில் மாட்டியபடி கூமா முன்னால் போய்விட்டான். தம்பி பின்னால் வரவேயில்லை.

உடல் கிடைக்கவில்லை. ஊரார் வழக்கப்படி அவன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். பெயர் காதில் விழுந்தால் செத்தவர்கள் திரும்பி வந்துவிடுவார்களாம். கூமாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பாவி, எப்படி ஆறும்?

தூண்களுக்கு நடுவே அவன் சட்டென்று நின்றான்.

மணலில் செருப்புத் தடம். இடது குதிகாலில் டயர் ஒட்டு. தம்பிக்கு அந்த ஒட்டைத் தைத்துக் கொடுத்ததே கூமாதான். தடத்தின் விளிம்புகூட இன்னும் உதிரவில்லை.

"பெக்கா, இங்க பாரு. உயிரோடதான்டா இருக்கான்!"

பெக்கா குனிந்து பார்த்தான். முகத்துணியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஒரு வருஷம் தண்ணி இல்லாம எவன் மச்சான் உயிரோட இருப்பான்? வாயைத் தொறக்காத. வா, போயிடலாம்."

"போடா பயந்தாங்கொள்ளி."

கூமா கைகளை வாயருகே குவித்தான்.

"உக்செம்!"

பாறைகள் திருப்பிச் சொல்லின. உக்செம். உக்செம்.

மூன்றாவது முறை பெயர் வரவில்லை.

"அண்ணே."

ஈரமே இல்லாத குரல்.

குரல் வந்த பக்கமே ஓடப் பார்த்தான் கூமா. பெக்கா அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து, வாய்க்கு வந்தபடி திட்டி, தரதரவென்று இழுத்துக்கொண்டு மலை இறங்கினான். ஊர் எல்லையில் தன் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் கூமா வீடு சேர்ந்தான். மனைவி லல்லா வாசலில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, யாரு அந்த விருந்தாளி? இப்பதான் முகத்தை மூடிக்கிட்டு விறுவிறுன்னு உள்ள போனாரு. ஒரு சலாம்கூடச் சொல்லலை."

கூமா மணலைப் பார்த்தான். டயர் ஒட்டு. உள்ளே போன தடம் இருந்தது. வெளியே வந்த தடம் இல்லை.

உள்ளே, அந்தத் தண்ணீர்த் தோல்பை தொங்கும் மூலையில் மடக் மடக்கென்று யாரோ குடிக்கும் சத்தம்.

"அடேயப்பா, என்ன தாகம்!" என்று சிரித்தாள் லல்லா.

கூமா வாசலிலேயே சரிந்து உட்கார்ந்து அழுதான். தோல்பை எப்போதோ காலியாகியிருக்க வேண்டும்.

குடிக்கும் சத்தம் நிற்கவில்லை.