எந்த வீட்டுத் தவளை?

பள்ளி விட்டதும் குண்டூசி நேராக உயிரியல் பூங்காவின் தவளை அறைக்கு வந்துவிடுவாள். கேள்வி கேட்டே குத்துவதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளுடைய சித்திக்கு அங்கேதான் வேலை.

"தொப்பு தொப்புன்னு நடக்கிற சத்தத்துலயே தெரியுது, எங்க அக்கா பொண்ணுன்னு," என்றாள் சித்தி திரும்பாமலேயே. ஆனால் குரலில் சுரத்தே இல்லை.

"என்ன ஆச்சு சித்தி?"

"ரெண்டு கண்ணாடிப் பெட்டியையும் ஒரே நேரத்துல கழுவிட்டேன். தவளைகளை இந்த டப்பாக்கள்ல விட்டு வச்சேன். இப்ப எது எதுன்னு தெரியல."

டப்பாவுக்கு ஒன்றாக இரண்டு பச்சை உருண்டைகள். கைகால்களை மடக்கி, கண்ணை மூடி நல்ல தூக்கம். சித்தி இந்த அறைக்குப் புதிது. பாவம், குழம்பாமல் என்ன செய்வாள்?

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "ரெண்டும் பச்சைத் தவளைதானே. எதுல போட்டா என்ன?"

"ஒண்ணு மரத்தவளை, ஒண்ணு இலைத்தவளை சார். இலைத்தவளை இன்னிக்கோ நாளைக்கோ முட்டையிடும். தண்ணிக்கு மேல தொங்குற இலையிலதான் இடும். அந்தச் செடி ஒரு பெட்டியிலதான் இருக்கு. மாத்திப் போட்டா முட்டையெல்லாம் வீணாயிடும்."

"வயிறு பெருசா இருக்கிறதுதான் அது."

"மரத்தவளையும் தின்னு தின்னு அதே குண்டு சார்."

"அப்போ குச்சியால குத்தி எழுப்புங்க."

"வேண்டாம் சார்," என்றாள் குண்டூசி. "தூங்கும்போது குத்தினா பயந்துடும்."

அவள் செடி இருந்த பெட்டியின் பெயர்ப்பலகையைப் படித்தாள். இலைத்தவளைப் பேரினம். அதிகம் தாவாது, கிளையைப் பிடித்து நடக்கும்.

"பேரினம்னா என்ன சித்தி?"

"நெருங்கின சொந்தக்காரக் கூட்டம். ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னு வச்சுக்கோ."

"அப்போ சுலபம். என்னை நடையை வச்சுத்தானே கண்டுபிடிச்சீங்க? இதுங்களும் நடக்கட்டும். ராத்திரி ஆயிடுச்சுன்னு நினைச்சா தானா எழுந்துக்கும்."

டப்பாவுக்கு ஒரு குச்சியாக மெதுவாக வைத்தார்கள். திரையை இழுத்து, ஒரு சின்ன விளக்கை மட்டும் விட்டார்கள். மேற்பார்வையாளர் தன் சாவிக்கொத்து சத்தம் போடாமல் கையால் பொத்திக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. சித்தி நகத்தைக் கடித்தாள்.

தொப். ஒரு தவளை ஒரே தாவலில் மூடியில் போய் ஒட்டிக்கொண்டது.

மற்றது கண்ணைத் திறந்தது. ஒரு கையை நீட்டிக் குச்சியைப் பிடித்தது. அப்புறம் அடுத்த கை. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை டீச்சர் மேசைக்குப் போவதுபோல அப்படியொரு நிதான நடை.

"இதுதான்," என்றாள் சித்தி. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் மாலை குண்டூசி வந்தபோது, அறையில் பார்வையாளர்கள் கூடியிருந்தார்கள். செடியின் ஒரு இலை பொட்டலம்போல மடிந்திருந்தது. அதற்குள் முட்டைகள்.

"ரெண்டும் பச்சைத் தவளைதானேன்னு நினைச்சுடாதீங்க," என்று மேற்பார்வையாளர் விளக்கிக்கொண்டிருந்தார். "நடையைப் பார்க்கணும்."

அவருக்குப் பின்னால் தொப்பு தொப்பென்று சத்தம் கேட்டது.

"வா குண்டூசி," என்றார் அவர், திரும்பாமலேயே.