இரண்டு முனைக்கும் ஒரே பொட்டு

இனியாவுக்கு அந்த அலுவலகத்தில் ஒரு வேலையும் கிடையாது. ஆனால் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. பள்ளி விட்டதும் அதில் வந்து உட்காருவாள். அம்மாவின் வேலை முடியும் ஏழு மணி வரை அதுதான் அவளுடைய இடம்.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது அந்த அலுவலகம். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அறையும் காரும் ஏற்பாடு செய்து தருவார்கள். மூன்றே மேசைகள். ஒன்று முதலாளி ராமதாஸுக்கு, ஒன்று ஆதவன் அண்ணனுக்கு, ஒன்று இனியாவின் அம்மா அருணாதேவிக்கு. பௌர்ணமி கிரிவலம் நெருங்கினால் மூன்று போன்களும் சேர்ந்து அலறும். அப்போது அம்மாவால் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது.

ஜூன் மாதம்தான் அவர்கள் கீழ்பென்னாத்தூரிலிருந்து இங்கே வந்தார்கள். அப்பாவுக்கு ஓசூரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். புதுப் பள்ளியில் எல்லாருக்கும் ஏற்கெனவே சிநேகிதிகள் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்தவளுக்கு யார் மிச்சம்? மதியச் சாப்பாட்டை இனியா தனியாகத்தான் சாப்பிட்டாள். சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவின் முதுகைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மனசு லேசாகும்.

அந்த ஸ்டூலுக்கும் ஒருநாள் ஆபத்து வந்தது.

அன்று அம்மா ஒரு பெரிய குடும்பத்துக்கு ஆறு அறைகள் பதிவு செய்துகொண்டிருந்தாள். கடைசிப் பெயரைத் தட்டும்போது 'டப்'பென்று கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. தட்டியதெல்லாம் போச்சு.

"மறுபடியுமா? இந்த வாரத்துல இது மூணாவது வாட்டி!" என்று பின்மேசையிலிருந்து ராமதாஸ் எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியில் வயர்கள் இடியாப்பம் போலப் பின்னிக் கிடந்தன. எல்லா பிளக்கும் சொருகியிருந்த ஜங்ஷன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இனியாவின் கால்கள் தெரிந்தன.

"பாப்பா காலு பட்டு பிளக்கு ஆடியிருக்கு."

"நான் தொடவே இல்ல அங்கிள்!"

"தெரியாம பட்டிருக்கும்மா." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "அருணா, ஆயுத பூஜை முடிஞ்சதும் பாப்பாவ வீட்லயே விட்டுட்டு வந்துடுங்க. கம்ப்யூட்டர் போனா சரி பண்ணிக்கலாம். கொழந்தைக்கு ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது?"

"சரிங்க சார்" என்றாள் அம்மா.

வீடு என்பது அடி அண்ணாமலையில் ஒரு மாடி அறை. பகலில் அங்கே யாரும் இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஏழரை மணி வரை தனியாக இருக்க வேண்டும். பள்ளியிலும் தனி, வீட்டிலும் தனியா? அன்று ஷேர் ஆட்டோவில் போகும்போது இனியா வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். பார்த்தால் அம்மாவும் அழுதுவிடுவாள்.

ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே அலுவலகத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். ஆதவன் அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்தார். தூசி தட்டுவதற்காக எல்லா வயரையும் உருவிப் போட்டார்.

"எது எங்க இருந்துச்சுன்னு எப்படிண்ணா கண்டுபிடிப்பீங்க?" என்று இனியா கேட்டாள்.

"கண்டுபிடிக்கிறதாவது! தோணின இடத்துல சொருகறதுதான். போன வருஷம் பிரிண்டர் சுவிட்சைப் போட்டேன், ஃபேன் சுத்துச்சு."

அவர் ஒரு வயரைத் தூக்கிக் காட்டினார். அதன் இரண்டு முனையும் தொங்கின. "இது எதுக்குன்னே தெரியல. எதோடயும் சேராம மூணு வருஷமா இங்கயே கெடக்குது."

இனியாவுக்கு அந்த வயரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதை வாங்கி, காய்ந்த துணியால் முதலில் துடைத்து வைத்தாள்.

அடுத்து அம்மாவின் கம்ப்யூட்டர் வயரைத் துடைத்தபோது கை நின்றது. ஓர் இடத்தில் வயர் நசுங்கித் தட்டையாகியிருந்தது. மேலே உறை கிழிந்து உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. பத்து வயதுக் கால் பட்டால் வயர் இப்படி நசுங்குமா?

வயரை முன்பு கிடந்த மாதிரியே தரையில் போட்டுப் பார்த்தாள். நசுங்கிய இடம் சரியாக ராமதாஸின் உருளும் நாற்காலியின் சக்கரத்துக்கு அடியில் வந்தது!

முதலாளியிடம் எப்படிச் சொல்வது? அவருக்குக் கோபம் வந்தால் அம்மாவை ஏதாவது சொல்லிவிடுவாரே. வயரைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

அப்போது ராமதாஸ் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கம்ப்யூட்டர்களுக்குப் பொட்டு வைத்தார். பிரிண்டருக்கு வைத்தார். ஸ்டேப்ளரைக்கூட விடவில்லை. கடைசியில் சொட்டச் சொட்டச் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு ஜங்ஷன் பாக்ஸ் பக்கம் குனிந்தார்.

"அங்கிள், வேணாம்!"

எல்லாரும் திரும்பினார்கள். இனியாவுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

"ஓட்டைக்குள்ள ஈரம் எறங்கிடும் அங்கிள். அப்புறம் கரண்ட் போட்டா ஆபத்து."

"வருஷா வருஷம் வெக்கிறதுதானே?"

"வருஷா வருஷம் மறுநாள் ஃபியூஸும் போவுதே சார்" என்றார் ஆதவன் அண்ணன்.

ராமதாஸ் விரலில் சந்தனத்தோடு விழித்தார். "அதுக்காகப் பொட்டு வெக்காம விட முடியுமா? பூஜையாச்சே!"

இனியா அம்மாவின் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து நீட்டினாள். "இது காஞ்ச பொட்டு."

ராமதாஸ் சிரித்துவிட்டார். அட்டையில் பல நிறப் பொட்டுகள் இருந்தன. ஒரு சிவப்புப் பொட்டை எடுத்து பாக்ஸின்மேல் ஒட்டினார். அதைப் பார்த்ததும் இனியாவுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"அண்ணா! ஒவ்வொரு வயருக்கும் ஒரு கலர் வெப்போம். ரெண்டு முனையிலயும் ஒரே பொட்டு. சொருகற எடத்துலயும் அதே கலர்."

"அட! இனிமே பிரிண்டரைப் போட்டா ஃபேன் சுத்தாது!" என்று ஆதவன் அண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிரிண்டருக்கு நீலம், ஃபேனுக்கு மஞ்சள், ராமதாஸின் கம்ப்யூட்டருக்கு மெரூன். ஒட்டி முடித்ததும் இனியா தன் இரட்டைப் பின்னல் ரிப்பன்களை அவிழ்த்தாள். அவற்றைத் துண்டுகளாக வெட்டி, வயர்களை மேசைக் காலோடு சேர்த்துக் கட்டச் சொன்னாள்.

"எதுக்கும்மா தூக்கிக் கட்டணும்? தரையிலயே கெடந்தா இன்னா?" என்றார் ராமதாஸ்.

இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். இனியா நசுங்கிய வயரைக் காட்டினாள். பிறகு அவருடைய நாற்காலிச் சக்கரத்தைக் காட்டினாள்.

ராமதாஸ் நாற்காலியை உருட்டிப் பார்த்தார். பின்னால் போனது, முன்னால் வந்தது. இரண்டு தடவையும் சக்கரம் அந்த இடத்தில்தான் ஏறி இறங்கியது.

"அப்போ மூணு வாட்டியும்... நான்தானா?"

இனியா தலையாட்டினாள்.

"உம்மேல பழி போட்டுட்டேனே பாப்பா. தப்பு என்னுதுதான்" என்றார் ராமதாஸ். கிழிந்த வயரை இனி யாரும் எடுத்துச் சொருகாதபடி இரண்டாக வெட்டி எறிந்தார்.

"இப்ப அம்மா கம்ப்யூட்டருக்கு வயரு?" என்றார் ஆதவன் அண்ணன்.

எதோடும் சேராத வயரை இனியா எடுத்து வந்தாள். ஆதவன் அண்ணன் சொருகிப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அதன் இரண்டு முனையிலும் இனியா சிவப்புப் பொட்டு ஒட்டினாள்.

ராமதாஸ் சந்தனக் கிண்ணத்தை மறுபடி எடுத்தார். நேராகச் சுவரோரம் போய், பிளாஸ்டிக் ஸ்டூலுக்குப் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தார்.

"இதுவும் நம்ம ஆபீஸ் சாமான்தான். எங்கயும் போவாது" என்றார். ஸ்டூலை மட்டும் பாக்ஸிலிருந்து தள்ளி, அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் போட்டார்.

பள்ளி திறந்த அன்றும் இனியா தனியாகத்தான் சாப்பிட்டாள். சாயங்காலம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். போன்கள் அலறின. ஒரு கம்ப்யூட்டரும் அணையவில்லை.

ஆதவன் அண்ணன் அவள் நெற்றியைப் பார்த்தார். "அது இன்னா பச்சைப் பொட்டு? பச்சை எந்த வயருக்கு?"

இனியா அம்மாவின் முதுகைக் காட்டினாள்.

போனைக் காதில் வைத்தபடியே அம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் நெற்றியிலும் பச்சைப் பொட்டு.