மூடிய ஷட்டருக்குள் ஒரு புள்ளி

அவன் இருமிய சத்தம் திரும்பி வரவில்லை.

பதினோரு வருஷமாக இந்த அறையில் கண்ணாடி துடைக்கிறவன். இரண்டு ஆள் உயரத்துக்குக் குழிந்து நிற்கும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் தும்மினாலும், செருப்பைத் தேய்த்தாலும், அதே சத்தம் ஒருமுறை காதோரம் வந்து மோதிவிட்டுத்தான் போகும். இன்றைக்கு இருமல் போனது, போனதுதான்.

வெளியே நடுப்பகல். உள்ளே கும்மிருட்டு. ராத்திரிகளில் ஷட்டரைத் திறந்து வானம் பார்க்கிற தொலைநோக்கி அது. அண்டவெளியிலிருந்து வரும் ஒரு துகள் காற்றில் மோதிச் சிதறி மழையாக இறங்கும்போது, அது பட்ட நைட்ரஜன் கண்ணுக்கு எட்டாத ஊதாவில் ஒரு கணம் ஒளிரும். அதைக் கண்ணாடி குவித்துக் கொடுக்க, எதிரே வரிசையாக இருக்கும் நானூற்றுச் சொச்சம் ஒளிக்குழாய்கள் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி துடைத்த பிறகு குழாய்களுக்கு மின்சாரம் ஏற்றிச் சோதிப்பார்கள். எங்காவது மின்பொறி வெடிக்கிறதா என்று ஒருவர் உள்ளே நின்று காது கொடுக்க வேண்டும். மின்சாரம் இறங்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் அத்தனை குழாயும் பாழ்.

பக்கத்து அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன் மச்சான், மனைவியின் அண்ணன். வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மாப்ள, தங்கச்சி போன் பண்ணுச்சு. நீ இருட்டுல நல்லா தூங்குறேன்னு சொல்லிட்டேன்."

"சொல்லுவ சொல்லுவ. இங்க நிக்கிறவனுக்குத்தானே தெரியும்."

"சரி, ஷட்டர் எங்கயாவது ஓட்டையா? திரையில ஒரு குழாய் மட்டும் எரியுது."

"ஓட்டை இல்லியே. எப்படி எரியுது? பரவலாவா?"

"இல்ல. ஊசிமுனை மாதிரி. ஒரே புள்ளி."

பக்கத்தில் இருக்கிற எதுவும் இந்தக் கண்ணாடியில் கலங்கித்தான் தெரியும். ஊசிமுனையாக விழ வேண்டுமானால் அந்த வெளிச்சம் பல மைல் தள்ளியிருக்க வேண்டும். ஷட்டரோ எட்டடி தூரத்தில் மூடிக் கிடந்தது.

"மச்சான், மின்சாரத்தை இறக்கு. நான் வெளியே வரேன்."

"அமுக்கிட்டேன். முழுசா இறங்க அஞ்சு நிமிஷம் ஆகுமே."

கையை நீட்டியபடி கதவை நோக்கி நடந்தான். நான்கு எட்டு. எத்தனையோ முறை கண்ணை மூடிக்கொண்டு நடந்த நான்கு எட்டு. ஐந்தாவது எட்டில் சுவர் இல்லை. பத்தாவதிலும் இல்லை. காலடியில் அதே வழவழப்பான சிமெண்டுத் தரைதான். ஆனால் முகத்தில் காற்று பட்டது, ரொம்ப நாள் யாரும் சுவாசிக்காத காற்று போல, இரும்பும் சாம்பலும் கலந்த வாடையோடு, மெதுவாக, ஒரே சீராக. திசை மாற்றி நடந்தான். முப்பது எட்டு. கண்ணாடியும் கைக்குத் தட்டுப்படவில்லை.

"மாப்ள..." மச்சானின் குரல் தாழ்ந்திருந்தது. "புள்ளி பெருசாகுது. நாலு குழாய். இப்ப ஒம்போது. ஓரமெல்லாம் கலங்குது."

கலங்குகிறதென்றால் கிட்டே வருகிறது.

"திற மச்சான்."

"இன்னும் ரெண்டு நிமிஷம் காட்டுது."

"குழாய் போனா போகட்டும். திற!"

வாக்கி-டாக்கியில் நாற்காலி விழும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். தரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மூச்சை அடக்கினான். வேறொரு மூச்சு கேட்கிறதா என்று காது கொடுத்தான். காற்று நின்றிருந்தது.

கதவு திறந்தது.

தூரத்தில். கடுகளவு வெளிச்சம், ராத்திரி மலையுச்சியில் எரியும் ஒற்றை விளக்கு மாதிரி. அதற்குள் எறும்பாக ஓர் ஆள்.

"மாப்ள?" வாக்கி-டாக்கியில் குரல் உடைந்தது. "லைட்டைப் போட்டுட்டேன். கண்ணாடி இருக்கு. ஏணி இருக்கு. நீ துடைக்கிற துணி கீழ கிடக்கு. நீ எங்கடா?"

"இங்கதான்! இருக்கேன்!"

எழுந்து ஓடினான். விழுந்தான். எழுந்தான். ஓடினான். வெளிச்சம் வளரவில்லை.

பாதி வழியில் ஏதோ குனிந்திருந்தது போலும். இப்போது நிமிர்ந்தது.

முதலில் மச்சானின் கால்கள் மறைந்தன. பிறகு இடுப்பு. பிறகு தலை.

பிறகு கதவு.

அது இன்னும் நிமிர்ந்துகொண்டே இருந்தது.