பதில் வராத வீடு

சுவரில் மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டதும் அதிகாரி முதலில் பார்த்தது மனைவியின் கைகளைத்தான். இரண்டு கைகளும் துவைத்த சேலையை மடித்துக்கொண்டிருந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மாவின் வீடு. அதைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்து அன்றோடு நான்கு நாள். அதற்கு அடுத்த வீடும், அதற்கு அடுத்ததும், தெருக்கோடி வரை நாற்பத்திரண்டு வீடுகளும் அப்படித்தான் கிடந்தன. எல்லாம் ஒரே வரிசை, ஒட்டுச் சுவர். வரிசையின் இந்தக் கோடி வீடு மட்டும் அரசாங்கக் குடியிருப்பு, அதிகாரியுடையது.

"எலி" என்றார்.

"எலி எண்ணித் தட்டுமா?" என்றாள் மனைவி. சிரிக்கவில்லை.

அந்தத் தெருக்காரர்கள் மூன்று தலைமுறைக்கு முன் ஆற்றைக் கடந்து வந்தவர்கள். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வெளியே ஊர் பாஷை. பொழுது சாயும்போது ஒரு வீடு சுவரில் மூன்று முறை தட்டும். பக்கத்து வீடு பதில் தட்டிவிட்டுத் தனக்கு அடுத்த சுவரில் தட்டும். கண்மூடித் திறப்பதற்குள் தெரு முழுக்க ஓடிவிடும். அவர்கள் ஒரு கல் எறிந்ததில்லை, ஒரு மனுக்கூடப் போட்டதில்லை. ஆனாலும் இத்தனை சுருக்காகச் சேதி சொல்லிக்கொள்கிற ஜனம் ஒரு நாள் ஒன்றாகக் கிளம்பிவிட்டால்? அந்த 'விட்டால்' அதிகாரியின் தூக்கத்தைத் தின்றது. தட்டக் கூடாதென்று தடை போட்டார். சத்தம் நின்றது. நின்ற பிறகு பயம் இரண்டு மடங்கானது, சத்தமில்லாமல் என்ன பேசிக்கொள்கிறார்களோ என்று. பிறகு பட்டியல். பிறகு லாரிகள். ஆறு மணி நேரப் பயணம் என்று சொல்லி விடிந்ததும் ஏற்றிப்போன லாரிகள் ஒரு மணி நேரத்துக்குள் காலியாகத் திரும்பின, சக்கரமெல்லாம் ஈரமண். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

மறுபடி மூன்று தட்டு. இந்த முறை சுவரின் சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது.

வாசலில் காவலர் இருமினார். சுவர் தட்டும் வீட்டில் இருப்பவர்களை அப்போதே ஏற்றிவிட வேண்டும், அது யார் வீடாக இருந்தாலும் சரி என்பது உத்தரவு. 'யார் வீடாக இருந்தாலும்' என்பதை அதிகாரியே கைப்படச் சேர்த்திருந்தார். படிக்கக் கம்பீரமாக இருந்தது.

"பதில் தட்டிடலாங்க" என்றாள் மனைவி.

"பைத்தியமா உனக்கு? வெளிய ஆள் நிக்கிறான்."

"தட்டலைன்னா வந்து பாப்பாங்க. அதுக்குத்தானே தட்டுறதே! போன வருஷம் நான் அடுப்படியில மயங்கிக் கிடந்தப்ப, பதில் காணோம்னுதானே தையல்காரம்மா கதவை உடைச்சு என்னைத் தூக்கிட்டுப் போனாங்க? அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன்."

சொன்னாள்தான். அதை அவர் அறிக்கையில் எழுதியும் வைத்தார்: 'அதிகாரிகளின் வீட்டுக் கதவையே உடைத்து நுழையும் துணிச்சல் கொண்டவர்கள்.'

மூன்றாம் முறை தட்டுக் கேட்டது. மெதுவாக, கவலையாக. அப்புறம் தெருவே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல ஒரு அமைதி. ஜன்னல் வழியே புதிதாக வெட்டிய மண்ணின் வாசனை வந்தது; மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தெருக்கோடியில் எங்கோ அரக்கு உடைகிற சின்னச் சத்தம். ஒரு கதவு திறந்தது. அடுத்த கதவு. அதற்கு அடுத்தது.

"ஐயா, தெருவுல யாரோ..." என்றார் காவலர். அவர் தடி தரையில் விழுந்தது.

மனைவி சுவரை நோக்கி நகர்ந்தாள். அதிகாரி பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். அவள் சுவரில் தட்ட மறு கையை ஓங்கினாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சுவரோரமாக அவளைக் கீழே சாய்த்தார். கத்த வாய் திறந்தாள். பொத்தினார்.

"சும்மா இரு. ரெண்டே நிமிஷம். போயிடுவாங்க."

காலடிகள். வெறுங்கால்கள். நிறைய.

அவள் திமிறினாள். இன்னும் அழுத்தினார். அவள் சத்தம் போட்டால் எல்லாம் முடிந்தது. உடம்பு உதறியது. அது அவருடைய உடம்பா அவளுடையதா, தெரியவில்லை. உள்ளங்கையில் அவள் மூச்சு சுட்டது.

காலடிகள் வாசலில் நின்றன.

அழுத்தினார்.

உள்ளங்கை குளிர்ந்திருந்தது. எப்போதிலிருந்து?

தாழ்ப்பாள் தானாக விலகியது. வாசல் நிறையத் தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா, தலைமுடியிலும் இமையிலும் ஈரமண். அவளுக்குப் பின்னால் முண்டியடித்து எட்டிப் பார்க்கும் முகங்கள், தெருவின் அந்தக் கோடி வரை, தோளிலே தூக்கிய குழந்தைகளும் சேர்த்து. ஒருவர்கூட அதிகாரியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் மடியில் அசையாமல் கிடந்தவளையே பார்த்தார்கள்.

தையல்காரம்மா வாய் திறந்தாள். முதலில் மண் உதிர்ந்தது.

"என்னம்மா, பதிலே காணோம்னு வந்தோம்."