கோல்பி விட்டகரின் தலை

காலை எட்டேகால். சார்ஜென்ட் வில்மா ஒசுனா குளியலறைக்குள் நுழைந்தபோது, கோல்பி விட்டகர் தொட்டி நிறைய ஐஸ் கட்டிகளுக்கு நடுவே செத்துக் கிடந்தான். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் ஒரு பெண் முழங்காலிட்டு, அவன் தலையைச் சுற்றி ஐஸை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். போலீஸ் வந்துவிட்டதே என்று அவள் கையை நிறுத்தவில்லை.

பெர்க்லியில் பாதி வாழ்நாளைப் போலீஸ் வேலையில் கழித்தவருக்கு இது புதிதில்லை. மலைச்சரிவில் தெருவுக்குத் தெரு இப்படி ஒரு வீடு உண்டு. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சிலர் சேர்ந்து வாடகை கொடுப்பார்கள். யோசிக்கத் தெரிந்த இயந்திரம் ஒன்று வரப்போகிறது, அது மனித குலத்தை ஒழித்துக்கட்டும் அல்லது சாவே இல்லாமல் செய்துவிடும், இரண்டில் ஒன்று நம் காலத்திலேயே நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குள் செத்துப்போனால்? தலையை உறைய வைத்து அரிசோனா பாலைவனத்தில் ஒரு கிடங்கில் வைத்துவிடுவார்கள். எழுப்பத் தெரிந்தவர்கள் என்றைக்காவது வந்து எழுப்புவார்கள். ஒசுனா இதைக் கேட்டுச் சிரித்ததில்லை. அவருடைய அம்மா இதே விஷயத்துக்காகத்தான் மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.

தலையை எடுத்துப்போக வந்த இருவர் கூடத்தில் பெட்டியோடு காத்திருந்தார்கள். பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். நேரம் போகப் போக மூளை கெடும். தன் உடலை அறுக்கக் கூடாது என்று கோல்பி முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். சட்டம் அதை மதிக்கும், போலீஸ் சந்தேகம் கிளப்பாத வரைக்கும். சந்தேகம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் பிரேதப் பரிசோதனை, மண்டையைத் திறப்பார்கள், அதோடு கதை முடிந்தது.

"அவர் திரும்பி வர்றதும் வராததும் இப்ப உங்க கையிலதான் இருக்கு, சார்ஜென்ட்" என்றார் அவர்.

காலங்காத்தாலே இந்தப் பாரம் வேறா என்று ஒசுனாவுக்கு எரிச்சலாக வந்தது.

ஐஸ் அள்ளிய பெண்ணின் பெயர் இங்கிரிட் சாலஸ். ஒன்பது வருஷமாகக் கோல்பியோடு வாழ்ந்தவள். ஒசுனா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எப்பப் பார்த்தீங்க?"

"ஏழு மணிக்கு. மூச்சு இல்ல."

"ஆம்புலன்ஸ்?"

"கூப்பிட்டேன். வந்து, போயிட்டாருன்னு சொன்னாங்க. அப்புறம்தான் ஐஸ்."

"இவ்வளவு ஐஸ் எங்கிருந்து?"

"கராஜ்ல பெரிய ஃபிரீசர் இருக்கு. எப்பவும் தயாரா வெச்சிருப்போம்."

"உடம்புக்கு ஏதாவது?"

"இதயம் கொஞ்சம் பலவீனம்னு நினைச்சுட்டிருந்தோம்."

அவள் அழவில்லை. அழுதால் கை நின்றுவிடும் என்பதைப் போல வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அந்த வீட்டில் இவ்வளவு அன்போடு யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள் என்று ஒசுனாவுக்குத் தோன்றியது. பெட்டிக்காரர்களுக்குச் சரி சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தார். ஆனால் வீட்டில் இன்னொருவன் இருந்தான். அவனிடம் பேசாமல் போவது வழக்கமில்லை.

சமையலறையில் பார்னபி ஃபிங்க் சாம்பல் நிறத்தில் ஏதோ கரைசலைக் காலை உணவாகக் குடித்துக்கொண்டிருந்தான். கண்கள் குழிவிழுந்து கிடந்தன. பாத்திரத் தொட்டியில் நேற்றைய தட்டுகள் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"தூங்கவே இல்லையா தம்பி?"

ராத்திரி முழுக்கத் தூங்குவது வீண் என்று கோல்பிதான் கண்டுபிடித்தானாம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் இருபது நிமிஷம் தூங்கினால் போதும், மிச்சத்தை மாத்திரை பார்த்துக்கொள்ளும். ஒன்றரை வருஷமாக இருவரும் அப்படித்தான் இருக்கிறார்களாம். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூடப் பட்டான்.

இதயக் கோளாறைப் பற்றிக் கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினான். இதயமெல்லாம் இல்லை, மறதிதான் என்றான். சாவியை வைத்த இடம் மறப்பதில் ஆரம்பித்தது, போன மாதம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே தங்கை பெயர் கோல்பிக்கு வரவில்லை. அவன் அப்பா நாற்பத்தைந்து வயதில் எல்லாவற்றையும் மறந்து செத்தவர். பரம்பரை நோய்ச் சோதனைக்காகக் கோல்பி ஒரு குழாயில் எச்சில் துப்பித் தபாலில் அனுப்பினான். அப்பாவின் நோய் இவனுக்கும் வரலாம் என்று பதில் வந்தது. அவனும் இங்கிரிட்டும் உட்கார்ந்து, எத்தனை மாதத்தில் எவ்வளவு மறப்பான் என்று வரைபடமே போட்டுவிட்டார்கள்.

"டாக்டர்கிட்ட போகலையா?"

"டாக்டருக்கு எங்களளவு படிக்க நேரமில்லேம்பான்."

"ஐஸ்ல வைக்கிறதுக்கு இதனால ஏதும் இடைஞ்சலா?"

"பின்னே? நோய் மூளையைத் தின்னு முடிச்சப்புறம் உறைய வெச்சு என்ன புண்ணியம்? வெறும் பானையைப் பத்திரப்படுத்தற மாதிரிதான்."

ஒசுனா கராஜ் ஃபிரீசரைப் பற்றிப் பேச்சுவாக்கில் விசாரித்தார். அதில் என் சாப்பாடு இருந்தது என்று பார்னபி அலுத்துக்கொண்டான். நேற்று மத்தியானம் இங்கிரிட் எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டிவிட்டாள், எதற்கென்று சொல்லவில்லை.

"தட்டெல்லாம் யார் கழுவினது?"

"அதுவும் அவதான். அவ முறையே இல்ல. பந்தயத்துல தோத்தவங்கதான் கழுவணும்."

அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் பந்தயம். பால் திரியுமா, உலகம் இன்னும் முப்பது வருஷம் தாங்குமா, எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு எத்தனை என்று ஆளாளுக்குச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லிப் பழகினால்தான் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்கலாமாம். ஒரே ஒரு விதிதான். முடிவு முன்கூட்டியே தெரிந்தவர் கட்டக் கூடாது. அது திருட்டு. ஒரு தரம் பார்சல் வந்துவிட்டது தெரிந்தே பார்னபி, அது இன்று வருமா என்று பந்தயம் கட்டிவிட்டான். ஒரு வாரம் அவனோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நேத்து என்ன பந்தயம்?"

பார்னபி கரைசலைக் கீழே வைத்தான். "கோல்பியே ஆரம்பிச்சான். புத்தாண்டு அன்னிக்கு எங்க எல்லார் பேரும் பிறந்த நாளும் தடுமாறாம சொல்வேன்னு. நூத்துக்கு எண்பதுன்னான். நான் அறுபதுன்னேன். பாவி, சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"இங்கிரிட்?"

"அவ கட்டல. தட்டை எடுத்துட்டு எழுந்து போயிட்டா."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது கட்டாம இருந்திருக்காங்களா?"

அவன் யோசித்தான். "அவங்கம்மா ஆபரேஷனுக்கே கட்டினவ" என்றான்.

ஒசுனா குளியலறைக்குத் திரும்பினார். இந்த முறை உட்காரவில்லை.

"நேத்து பந்தயத்துல நீங்க ஏன் சேரல?"

இங்கிரிட்டின் கை அன்றைக்கு முதல் தடவையாக நின்றது.

"மனசு வரல."

"மனசு வரலேன்னா இந்த வீட்டுல கம்மியாக் கட்டுவாங்க. கட்டாமலே இருக்கிறது முடிவு தெரிஞ்சவங்கதான். புத்தாண்டுக்கு அவர் இருக்க மாட்டார்னு உங்களுக்குத் தெரியும். மத்தியானமே ஐஸுக்கு ஃபிரீசரைக் காலி பண்ணிட்டீங்க. நீங்கதான் கொன்னீங்க, இங்கிரிட்."

ஒன்பது வருஷம் பக்கத்தில் படுத்தவனைக் கொல்ல அவளால் முடிந்திருக்கிறது. பாத்திரம் கழுவும் பந்தயத்தில் ஏமாற்ற முடியவில்லை. இப்படியும் ஒரு நேர்மை இருக்கிறது.

அவள் மறுக்கவில்லை. "அவன்தான் கேட்டான்" என்றாள். "நான் நானா இருக்கிறப்பவே அனுப்பிடுன்னு கேட்டான்."

ஒசுனாவுக்கும் அதை நம்ப ஆசையாகத்தான் இருந்தது.

"அவர் கேட்டிருந்தா அவருக்கும் முடிவு தெரிஞ்சிருக்குமே. தெரிஞ்சவர் எண்பதுன்னு கட்டியிருப்பாரா? அவர் உங்களை மாதிரிதானே. ஏமாத்த மாட்டார்."

இங்கிரிட் ஒரு கை ஐஸை அள்ளி அவன் நெற்றியோரம் வைத்தாள்.

"கேக்க முடியல" என்றாள் கடைசியில். "கேட்டா பயந்திருப்பான். தள்ளிப் போடுவான். தள்ளிப் போட்டுட்டே எதுக்குத் தள்ளிப் போடறோம்னே மறந்திருப்பான்." பிறகு ஒசுனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. "என்ன மருந்து, எவ்வளவு, எல்லாத்தையும் எழுதித் தர்றேன். ஆயுசுக்கும் உள்ள இருக்கேன். தலையை மட்டும் விட்டுருங்க. அது போச்சுன்னா நான் சும்மா கொன்னவளா ஆயிடுவேன்."

ஒசுனா தெருவுக்கு வந்து பிரேதப் பரிசோதனை டாக்டருக்குப் போன் செய்தார். தலையைத் தொடாமல் முடிக்க வழி உண்டா என்று உண்மையாகவே கேட்டார். தன் பணிக்காலத்தில் அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதில்லை. டாக்டர் கோபப்படவில்லை. இவள் இன்றைக்கு எழுதித் தருவாள், நாளைக்கு இவளுடைய வக்கீல் வந்து அவன் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்தான் என்பார், திறக்காமல் இருக்க முடியாது என்றார்.

பெட்டிக்காரர்கள் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியவர் ஒசுனாவைப் பார்க்கவேயில்லை. மார்ச்சுவரி வண்டி வரும்வரை இங்கிரிட் ஐஸ் அள்ளி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். வண்டி வந்த பிறகுதான் ஒசுனா விலங்கை எடுத்தார்.

மூளைத் துண்டுகளைச் சோதித்து முடிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. டாக்டரே போனில் சொன்னார். நோயின் சுவடுகூட இல்லை. அப்பாவின் நோய் பிள்ளைக்கு வரலாம் என்றுதான் அந்த எச்சில் சோதனை சொல்லும், வந்துவிட்டது என்று சொல்லாது. அப்படியானால் மறதி? ஒன்றரை வருஷம் தூங்காதவனுக்கு மறதி வராமல் வேறென்ன வரும் என்று கேட்டார் அவர். ஒரு மாதம் ஒழுங்காகப் படுத்துத் தூங்கியிருந்தால் சரியாகியிருக்குமாம்.

ஒசுனா சிறைக்குப் போனார். சொல்லாமலே விட்டுவிடலாம்தான். ஆனால் கோர்ட்டில் யாரோ ஒரு வக்கீல் வாயால் இதைக் கேட்பதைவிட இது மேல் என்று பட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இங்கிரிட் போனை எடுத்ததும் முதலில் அதைத்தான் கேட்டாள்.

"எவ்வளவு போயிருந்தது?"

"ஒண்ணும் போகல. நோயே இல்ல. தூங்காததால வந்த மறதியாம்."

அவள் முகத்தில் உடனே எதுவும் மாறவில்லை. உள்ளே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கே தப்பு என்று தேடுகிறாள், கண்டுபிடித்துவிட்டாள், ஒசுனாவுக்கு அது கண்கூடாகத் தெரிந்தது.

"அப்போ முழுசா இருந்துச்சு."

"ஆமா."

"எல்லாமே இருந்துச்சு. நான், என் பேரு, எல்லாம்."

"இருந்துச்சும்மா."

"இப்ப அது எங்க இருக்கு?"

டாக்டர் சீவிய துண்டுகளை நினைத்துக்கொண்டே ஒசுனா போனை மாட்டினார். இங்கிரிட் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.