படித்ததற்கு ஒப்புகை

அந்த ஒரு வரி மட்டும் மெலிந்துபோயிருந்தது.

எடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். படிக்காத மெயில் தடித்த எழுத்தில் நிற்கும், திறந்து படித்துவிட்டால் மெலிந்துவிடும். அவருடைய பென் டிரைவில் எட்டாயிரத்துச் சொச்சம் மெயில்கள் இருந்தன. அவற்றில் ஒன்றே ஒன்று ஒரு வருடமாகத் தடித்த எழுத்தில் இருந்தது. தினமும் சாயங்காலம், எந்த ஊரில் எந்த அறையில் தங்கினாலும், சட்டைப் பையிலிருந்து டிரைவை எடுத்து லேப்டாப்பில் சொருகி, அன்றைய மெயில்களை அதில் ஏற்றுவார். கடைசியாக அந்த வரி தடித்து இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடுவார். நேற்று இருந்தது.

அனுப்பியவர் இடத்தில் மனைவியின் பெயர். தலைப்பு, "படிச்சிட்டு உடனே சொல்லுங்க".

மழை தகரக் கூரையில் சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆலையின் விருந்தினர் விடுதி, கீழ்த்தளம், மூன்றாவது அறை. வருடாந்தரப் பழுதுபார்ப்புக்காக ஆலையை மூடியிருந்ததால் விடுதியில் அவரையும் காவலாளியையும் தவிர யாரும் இல்லை. ஈரச் சுண்ணாம்பு வாசனையும் பினாயில் வாசனையும் எங்கிருந்தோ வரும் பழைய இயந்திர எண்ணெயின் வாசனையும் அறைக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தை அவருடைய சோதனைத் தராசு அடைத்துக்கொண்டிருந்தது. நாளைக் காலை வேலைக்கு அது நிதானப்பட வேண்டும் என்று இன்றைக்கே போட்டுவைத்திருந்தார். தரையோடு தரையாகக் கிடக்கும் இரும்புப் பலகை, பக்கத்தில் சிறு பெட்டியில் சிவப்பு எண்கள். 0.0 என்று காட்டியது. கதவு வெளிப்பக்கம் திறப்பதால் பிழைத்தார். உள்ளே வருகிறவர் பலகைமேல் ஏறித்தான் வர வேண்டும்.

ஐந்து மணிக்குத் தேநீர் கொண்டுவந்த காவலாளியும் அப்படித்தான் ஏறி வந்தார். 68.2.

"நான் இளைச்சிட்டேனா சார்?"

"போன வருஷம் எழுபது இருந்தீங்க."

"கவலைதான் சார், வேற என்ன. நெட் வேணும்னு கேட்டீங்கல்ல, அதோட பெட்டி மாடியில ஆபீஸ் ரூம்ல இருக்கு. இடி இடிக்கும்போது போட்டா பொசுங்கிடும். மழை விட்டதும் போட்டுடறேன். பழைய பாஸ்வேர்டுதான், உங்க கம்ப்யூட்டர் தானா பிடிச்சுக்கும்."

போன வருடமும் இதே அறைதான். லாரிகளை எடைபோடும் மேடையை வருடத்துக்கு ஒரு முறை சரிபார்த்து முத்திரை வைப்பது சட்டம். அதற்காக ஊர் ஊராகப் போவது அவர் பிழைப்பு. மனைவி அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவாள். மெயில்களின் அடியில் அவரும் தராசு என்றே போடுவார். புதிய தராசு எதை வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் முதலில் ஏறி நிற்பது அவள்தான். ஐம்பத்தொன்று புள்ளி நான்கு. எத்தனை வருடமானாலும் அதே எண். "ஒரு கிலோ கூடக் காட்டுது, உங்க மிஷினைச் சரி பண்ணுங்க" என்பாள்.

அவள் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தாள். பதிவுத் தபாலும் ஒப்புகை அட்டையுமாகவே முப்பது வருடம் ஓட்டியவள், மெயிலுக்கும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வரும்போது ரொட்டி வாங்கி வாருங்கள் என்று எழுதினால்கூடப் படித்ததற்கு ஒப்புகை கேட்கும் கட்டத்தில் டிக் போட்டுத்தான் அனுப்புவாள். அவர் மெயிலைத் திறந்த நொடியில் அவளுக்குத் தகவல் போய்விடும். இதை வைத்து அவர் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறார்.

போன வருடம் அன்று காலையில் சண்டை. இன்னும் எத்தனை வருடம் இப்படி ஊர் சுற்றுவீர்கள் என்று ஆரம்பித்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு இதே மேஜையில் உட்கார்ந்து மெயிலைத் திறந்தபோது இந்த வரி வந்து விழுந்தது. தலைப்பைப் பார்த்தார். எல்லா மெயிலுக்கும் அவள் போடும் அதே தலைப்பு. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று வீம்பாக மூடிவைத்தார்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்து உள்ளே போனார். அவள் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாளாம். திரை எரிந்துகொண்டிருந்ததாம்.

அதற்குப் பிறகு அதைத் திறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அதில் அவள் உதவி கேட்டிருந்தால், தான் திறந்திருந்தால் பிழைத்திருப்பாளோ என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும். அவருடைய அலுவலகம் பழைய மெயில்களை மூன்று மாதத்தில் துடைத்துவிடும் என்பதால் மகள்தான் இந்த டிரைவை வாங்கி, எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் மெயில் அதிலிருந்தே ஓடும்படி செய்துகொடுத்தாள். அப்பாவுக்குத் தனியாக இருந்து பழகிவிட்டது என்று அவள் எல்லோரிடமும் சொல்கிறாள். அவருக்குப் பழகவில்லை.

மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மா மெயிலை நீ திறந்தியாம்மா?"

"நான் எப்படிப்பா திறப்பேன்? அது உங்க பாக்கெட்டுலதானே கிடக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம்னு சொல்லியிருந்தேன்ல."

"படிச்ச மாதிரி காட்டுது."

"காப்பி பண்ணும்போது சில சமயம் அப்படி ஆகும்பா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"ஒப்புகை போயிருக்குமா?"

"யாருக்குப்பா போகும்? அம்மா கணக்கை மூடிப் பத்து மாசமாச்சு. போனாலும் திரும்பி வந்துடும். அங்க நெட் இல்லைன்னா அவுட்பாக்ஸ்ல நிக்கும், பாத்து அழிச்சிடுங்க. சாப்பிட்டீங்களா?"

பதில் சொல்வதற்குள் மழையில் இணைப்பு அறுந்தது.

அவுட்பாக்ஸைத் திறந்தார். இரண்டு இருந்தன.

முதலாவது ஒப்புகை. உங்கள் செய்தி இன்று மாலை 4.10க்குப் படிக்கப்பட்டது. நாலு பத்துக்கு அவர் மேடையின் அடியில் குழிக்குள் இறங்கி நின்றிருந்தார். லேப்டாப் வண்டியில் பூட்டிக் கிடந்தது. டிரைவ் சட்டைப் பையில், பொத்தான் போட்டு, நெஞ்சை ஒட்டி இருந்தது. அந்த நேரத்தில் அது சூடாக இருந்ததாக இப்போது நினைவு வந்தது. தன் உடம்புச் சூடுதான் என்று அப்போது நினைத்திருந்தார்.

இரண்டாவது ஒரு பதில்.

"படித்துவிட்டேன். வா. ஆலை விடுதி, கீழே, மூன்றாவது கதவு. தராசு."

அது அவர் எழுதியதல்ல. ஆனால் அவர் எழுதினால் இப்படித்தான் எழுதுவார்.

எழுந்து கதவின் தாழைப் பார்த்தார். போட்டிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. கட்டிலுக்கடியில் அவருடைய பெட்டி மட்டும். திரும்பி வந்து உட்கார்ந்து இரண்டையும் தேர்ந்தெடுத்தார். அழிக்கவா என்று கேட்டது. விரல் அந்தப் பொத்தானின் மேலேயே நின்றது. ஒரு வருடமாக எத்தனை அறைகள், எத்தனை கட்டில்கள். ஒரு நாளாவது வா என்று அவளுக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. பொத்தானை அழுத்தாமல், அந்த மெலிந்த வரிக்குப் போய் அதைத் திறந்தார். இனி அதைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது.

"எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி இறுக்குது. எழுந்திரிக்க முடியல. போன் சமையலறையில சார்ஜ்ல இருக்கு. கத்திப் பாத்தேன், யாருக்கும் கேக்கல. ஆறு மணிக்கு நீங்க மெயில் பாப்பீங்கன்னு தெரியும். யாரையாவது அனுப்புங்க. நீங்க படிச்சிட்டீங்கன்னு வந்தாப் போதும், நான் தைரியமா இருப்பேன். பாத்துக்கிட்டே இருக்கேன்."

படித்தார். மறுபடி படித்தார். பாத்துக்கிட்டே இருக்கேன். எவ்வளவு நேரம் பார்த்திருப்பாள். ஆறரை வரையா, ஏழு வரையா, விடியும் வரையா. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தன்னை மன்னிக்கவே முடியாது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதனால்தான் அவர் கவனிக்கவில்லை.

கூரையில் சத்தம் இல்லை. மழை விட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. எங்கோ ஒரு குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர். முற்றத்தைக் கடந்து மேலே படியேறும் காவலாளியின் செருப்புச் சத்தம். ஒரு கதவு. ஒரு சுவிட்ச்.

லேப்டாப்பின் மூலையில் சிறு குறி அசைந்தது. பழைய பாஸ்வேர்டு. தானாகப் பிடித்துக்கொண்டது.

டிரைவைப் பிடுங்கக் கை நீட்டினார். தொட முடியாத சூடு. கையை உதறினார்.

அவுட்பாக்ஸ், இரண்டு.

ஒன்று.

காலி.

பரவாயில்லை, மூடின கணக்கு. திரும்பி வந்துவிடும். முகவரி இல்லை என்று ஒரு தகவல் வரும். ஒரு நிமிடத்தில் வரும். அலுவலகத்தில் நூறு முறை பார்த்திருக்கிறார். அந்தத் தகவலுக்காகத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் எந்த மெயிலுக்கும் அவர் இப்படிக் காத்திருந்ததில்லை.

ஒரு மெயில் வந்தது. தடித்த எழுத்தில். திறக்கவே வேண்டியிருக்கவில்லை, தலைப்பிலேயே எல்லாம் இருந்தது.

உங்கள் செய்தி மாலை 6.52க்குப் படிக்கப்பட்டது.

கடிகாரத்தைப் பார்த்தார். 6.52.

மேலே காவலாளி இருமினார். அவரைக் கூப்பிட வாய் திறந்தார். குரல் வரவில்லை. நெஞ்சு இறுகியது.

கதவு தட்டப்படவில்லை. தாழ் அசையவில்லை.

தராசின் சிவப்பு எண் மாறியது.

0.0

26.3

51.4

அங்கேயே நின்றது. துளியும் ஆடாமல். பலகைமேல் யாரும் இல்லை. மூடிய கதவின் சாயம் போன நடுப்பகுதி தெளிவாகத் தெரிந்தது. அவர் மூச்சுவிடாமல் எண்ணையே பார்த்தார். எப்போதும்போலக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறாள். ஒரு கிலோ கூடக் காட்டுகிறதா என்று பார்க்கிறாள்.

பிறகு எண் இறங்கியது.

26.3

0.0

தராசுக்கும் கதவுக்கும் இடையில் கால் வைக்க இடமில்லை. இறங்குவதற்கு ஒரு பக்கம்தான் இருந்தது, அவர் உட்கார்ந்திருந்த பக்கம்.